சிடிக்குள் சிக்கிய கூத்துப் பாட்டுகள்

நல்ல மென்பொருள் எது, மோசமான மென்பொருள் எது என்று சொல்ல நான் இன்ஜினியர் இல்லை. அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் தமிழ் டைப் அடித்தவன். அந்த அனுபவத்தில் ஒன்று மட்டும் சொல்வேன்: நாம் எழுதியதை நாளைக்கு வேறொருவர் படிக்க முடியாமல் செய்கிற மென்பொருள் மோசமானது.

ரெமிங்டனில் அடித்தாலும் ஃபாசிட்டில் அடித்தாலும் காகிதத்தில் 'அ' என்றால் 'அ' தான். 1990களில் கம்ப்யூட்டர் வந்ததும் இது மாறிப்போனது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தி, கம்பெனிக்கு ஒரு ஃபாண்ட் செய்து விற்றார்கள். உதாரணத்துக்கு பாமினி ஃபாண்ட். திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். உள்ளே பதிவாகியிருப்பதோ எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அம்மாவைக் காணோம்!

எங்கள் தெருவில் ஒரு தமிழாசிரியர் இருந்தார். செய்யாறு, வந்தவாசி பக்கம் ஊர் ஊராகப் போய்த் தெருக்கூத்துப் பாட்டுகளைக் கேட்டு எழுதியவர். 1998-ல் ஒரு டிடிபி கடையில் அடிக்கக் கொடுத்தார். புத்தகம் வருவதற்குள் காலமாகிவிட்டார். நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. போன வருஷம் அவர் மகன் ஒரு சிடியோடு வந்தார். "ஐயா, அப்பா எழுதினது இது ஒண்ணுதான் மிச்சம். படிக்க முடியுதா பாருங்க."

திறந்தால் ஒரே கிறுக்கல். கடை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. எந்த ஃபாண்ட் என்று சொல்ல ஆளில்லை. என் பேத்தி, பழைய ஃபாண்டுகளை யூனிகோடாக மாற்றும் இலவச மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. நல்லவேளையாக, அச்சுக்கு முன் திருத்தப் போட்ட நாலு தாள் அவர்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது. அதை வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டாள். மூன்று வாரம் ஆனது. அந்த நாலு தாளில் வராத எழுத்துகளின் இடத்தில் இன்னும் கேள்விக்குறிதான் நிற்கிறது. முதல் பாட்டைப் படித்த மகன், "இதை அப்பா குளிக்கும்போது பாடுவார்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

நல்ல வழியும் அப்போதே இருந்தது. 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் பொதுவான விசைப்பலகை பற்றியும் குறியீடு பற்றியும் பேசினார்கள். விண்டோஸ் 2000-இல் யூனிகோடு தமிழ் வந்தது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்குள் எத்தனை பேருடைய உழைப்பு சிடிக்குள் ஊமையாகிப் போனதோ!

நம் அண்ணாமலையார் கோவில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. செதுக்கிய கல்தச்சர் யாரென்று தெரியாது. ஆனாலும் அந்தக் காலத்து எழுத்தைக் கற்றவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஊருக்கெல்லாம் பொதுவான எழுத்தில் செதுக்கியதால்தான் அது முடிகிறது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய சிடி இருக்கும். குடும்ப வரலாறோ, கோவில் மலரோ, கவிதைகளோ எதுவானாலும் இந்த வாரமே திறந்து பாருங்கள். இனி எங்கே டைப் அடிக்கக் கொடுத்தாலும், "யூனிகோடில் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு பிரதி காகிதத்திலும் எடுத்து வையுங்கள்.