பச்சை உடம்பு

நல்லெண்ணெயில் பூண்டும் கருப்பட்டியும் சுக்குப்பொடியும் சேர்ந்து கிண்டுபடும் வாசனை எந்த வீட்டுச் சன்னலிலிருந்து வந்தாலும், உள்ளே ஒருத்தி பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று மூக்கு சொல்லிவிடும், சொன்ன கையோடு அம்பாசமுத்திரம் பக்கத்து ஆச்சி வீட்டு அரங்குக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஓட்டில் பதித்த கண்ணாடி வழியே ஒரு சாண் வெளிச்சம் மட்டும் விழும் அந்த அறையில், காதில் பஞ்சும் தலையில் துணிக்கட்டுமாகச் சித்தி படுத்திருப்பாள், மூலையில் சாம்பிராணி புகைந்துகொண்டிருக்கும், ஆச்சி பேறுகால மருந்தை உருட்டி, விடிந்ததும் ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று என்று ஊட்டிவிட்டு, விரலில் ஒட்டியதைத் தன் வாயில் வழித்துக்கொள்வாள். நாற்பது நாள் கழியும்வரை சித்தி ஒரு செம்புத் தண்ணீர் தூக்கக்கூடாது.

அதே ஆச்சியின் வயலில், பிள்ளை பெற்றுப் பதினாறு கழியாத ஒருத்தி, புளியமரத்தில் தூளியைக் கட்டிவிட்டு நடவுக்கு இறங்கியிருந்தாள். "ஏளா, பச்ச ஒடம்பு, தண்ணிக்குள்ள நிக்காத" என்று வரப்பிலிருந்து ஆச்சி சத்தம் போட்டாள், "நிக்காட்டா கூலி யாரு ஆச்சி தருவா" என்று குனிந்தபடியே அவள் கேட்டாள். ஆச்சி பதில் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் மடியில் நாலு மருந்துருண்டையைப் போட்டு அனுப்பினாள், வராத நாளுக்கும் கூலி கொடுக்கலாம் என்பது ஆச்சி மனசில் எழவே இல்லை, ஊரில் எவர் மனசிலும் எழவில்லை. ஆச்சி நல்லவள், ஆனாலும் அது அநியாயம்தான்.

முக்கூடலில் அத்தை வீடு, தெருவுக்குள் நுழையும்போதே புகையிலைத் தூளின் காறல் தொண்டையைப் பிடிக்கும், திண்ணைதோறும் பெண்கள் மடியில் முறத்தோடு உட்கார்ந்து இலையைச் சுருட்டி நூல் சுற்றிக்கொண்டிருப்பார்கள், கைக்குழந்தைக்காரி முறத்தைச் சற்றே தள்ளி வைத்துக்கொண்டு பால் கொடுத்தபடியே சுற்றுவாள், பார்வை மங்கிய கிழவி ஒருத்தி பிள்ளை முகத்தில் தூள் படாமல் முந்தானையால் விசிறிக்கொண்டே இருப்பாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு, விரல் நின்றால் காசு நின்றது.

இப்போது லேகியம் டப்பாவில் கிடைக்கிறது, வாசனை பாதிகூட இல்லை. எங்கள் தெருமுனையில் நாலைந்து பேர் வேலை பார்க்கும் துணிக்கடையில், சேலை விரித்துப் போட்ட பெண்ணிடம் வசம்பும் பாலும் கலந்த வாசனை வந்தது, கைப்பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள், "லீவு போட்டா சம்பளம் கட் அக்கா, ரொம்ப நாள் போட்டா வேற ஆள் வந்துரும்" என்றாள். நடவு வயலில் கேட்டதுதான்.

1961இல் வந்த மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆனது, தமிழக அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2021 முதல் 12 மாதம், மனசு நிறைகிற செய்தி. ஆனால் கடை என்றால் அங்கே பத்துப் பேராவது வேலை பார்த்திருக்க வேண்டும், வீட்டுவேலை செய்கிறவளுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் அது எட்டுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் வருகிறது, பெரிய உதவி, அதற்காக அதைச் சம்பளம் என்று சொல்லிவிட முடியாது.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், இந்தச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்றார். முதலாளி தலையில் மட்டும் கட்டினால் சின்னக் கடைக்காரர் கல்யாணமான பெண்ணை வேலைக்கே எடுக்க மாட்டார், அரசு கொடுத்தால்தான் எல்லாருக்கும் கிடைக்கும், வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். அதுவரை, உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் பிள்ளை பெறப் போனால், வராத மாதங்களுக்கும் சம்பளத்தைக் கொடுத்தனுப்புங்கள், அவள் திரும்பி வரும்வரை அந்த வேலையை அவளுக்கே வைத்திருங்கள்.