எண்ணும் எல்லைக்கோடும்

கருவுற்ற தாய்க்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிக்கின்றனர். சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமை எட்டினால் கர்ப்பகால நீரிழிவு என்பது நம் நாட்டு வழிமுறை. வெறும் வயிற்றில் செய்யும் பன்னாட்டு முறையிலோ அந்த இரண்டு மணி நேர எல்லை 153.

எம் மருமகளுக்கு வந்தது 146. பெரிய எண்ணைப் பற்றிக்கொள்ள மனம் விழைந்தது, இயல்புதானே! ஆனால் 2008-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று, தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடை படிப்படியாகவே மிகுகிறது, ஆபத்து தொடங்கும் புள்ளி என ஒன்று தெளிவாக இல்லை என்று காட்டியது. கோடு கிழித்தவர்கள் மனிதர்கள். கருவிலிருக்கும் சிசு அதனை அறியாது. எனவே நம் நாட்டு எல்லையையே ஏற்றோம்.

வளைகாப்புக்கு வந்த லட்டுகள் அண்டை வீடுகளுக்குச் சென்றன. மாலையில் செபமாலை சொல்லியவாறே அவளுடன் நடக்கிறோம். இரண்டு வாரத்திற்குப் பின், உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை 120-க்குக் கீழிருந்தால் மருந்து தேவைப்படாது.