உதிரிபாகமும் நாணயமும்



வணிகத்தில் நேர்மை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவை தராசும் படியும்தான். அளவில் குறைத்துக் கொடுப்போரை எச்சரிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை நாம் மதரஸாப் பருவத்திலேயே ஓதியிருக்கிறோம். ஆயினும் எடை போட்டும் முழம் போட்டும் அறிய இயலாத பொருள்கள் இன்று சந்தையில் பெருகிவிட்டன. நகத்தளவே உள்ள ஒரு ஐ.சி. புதியதா, பழையதா, போலியா என்பதை வாங்குபவர் கண்ணால் பார்த்து அறிய முடியாது. பிள்ளையார்பாளையத்தில் மின்னணு போர்டுகளைப் பழுது பார்ப்பதும், தயாரிப்பு நின்றுபோன போர்டுகளுக்கு உதிரிபாகம் தேடித் தருவதும் எங்கள் குடும்பத்தின் தொழில். அத்தொழிலில் நாங்கள் நாள்தோறும் சந்திக்கும் ஒரு கேள்வியையே இங்கு எழுதுகிறோம்.

கைலாசநாதர் கோயிலை அடுத்த இத்தெருக்களில் பட்டுத்தறியின் ஓசை பழகிய ஒன்று. புட்டாவும் முந்தியும் நெய்வதற்கு எந்தப் பாவு இழை உயர வேண்டும், எது தாழ்ந்திருக்க வேண்டும் என்பதைத் தறிக்குச் சொல்வது ஜக்கார்டுப் பெட்டி. 1804-ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரீ ஜக்கார்டு உருவாக்கிய முறை அது. அட்டையில் துளை இருக்குமிடத்தில் கொக்கி உயரும். துளை இல்லாவிடத்தில் தங்கிவிடும். அத்துளை அட்டையின் கருத்தையே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு எந்திரத்திற்கு எடுத்துக்கொண்டார்; பின்னாளில் கணினிகளும் துளையட்டைகளால் இயங்கின. இப்போது கணினி தறிக்கே திரும்பி வந்துள்ளது. மின்னணு ஜக்கார்டில் அட்டைக் கட்டுகள் இல்லை. ஒரு கட்டுப்பாட்டு போர்டு டிசைனைப் படித்து, சிறு மின்காந்தங்களின் வழியே கொக்கிகளை இயக்குகிறது. மிதியும் நாடாவும் நெசவாளரிடமே இருக்கின்றன.

தறியின் மரச்சட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும். போர்டுக்கு அத்தனை ஆயுள் இல்லை. அதிலுள்ள மின்தேக்கிகளின் திரவம் வெப்பத்தில் மெல்ல உலர்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. ஓட்டுக் கூரையின் கீழ், காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலில், இக்கணக்கு எவ்வளவு விரைவாக முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மின்காந்தங்களை இயக்கும் ஐ.சி. ஒன்றில் பொதுவாக 8 தடங்கள் இருக்கும். அதில் ஒரு தடம் செயலிழந்தாலும் புட்டாவின் நடுவே கோடு விழுந்துவிடும். கோடு விழுந்த புடவைக்குக் கூலியில் பிடித்தம் உண்டு.

இத்தகைய சிறு பாகங்கள் எளிதில் கிடைக்கும். போர்டின் மூளையாக உள்ள ஐ.சி.யே பழுதானால்தான் சிக்கல். ஐ.சி. தயாரிக்கும் நிறுவனங்கள் தறியை மனத்தில் வைத்து இயங்குபவை அல்ல. விற்பனை குறைந்தால் தயாரிப்பை நிறுத்திவிடும். உலகெங்கும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் இடம்பெற்ற 386 செயலியின் தயாரிப்பை 2007-ஆம் ஆண்டு செப்டம்பருடன் நிறுத்தப்போவதாக இன்டெல் 2006-இல் அறிவித்தது. வலியோரும் இத்தொல்லைக்குத் தப்பவில்லை. 1978-இல் வெளிவந்த 8086 செயலிகளை, தன் விண்ணோடத் திட்டத்தின் சோதனைக் கருவிகளுக்காக நாசா 2002-இல் இணைய ஏலச் சந்தைகளில் தேடிக்கொண்டிருந்தது. நாசாவுக்கே அந்நிலை எனில், ஒற்றைத் தறி வைத்திருப்பவர் எங்கே போவார்?

அவர் எங்களிடம் வருகிறார். நாங்கள் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறோம். அங்கும் கிடைக்காவிடில் ஆலைகள் கழித்த பழைய இரும்பு வாங்குவோரிடம் கேட்கிறோம். கிடைப்பவை மூவகை. பெட்டி பிரிக்காமல் எங்கோ தங்கிவிட்ட பழைய இருப்பு ஒன்று. கழித்த போர்டிலிருந்து கழற்றி எடுத்தது மற்றொன்று. மூன்றாவது போலி. குப்பை போர்டுகளைச் சூடாக்கி ஐ.சி.களைப் பிடுங்கி, மேற்பரப்பைத் தேய்த்து, புதிய எழுத்து அச்சிட்டு விற்பது உலகளாவிய மோசடி. அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கையில், 2009, 2010 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் போலி என்று ஐயுறத்தக்க பாகங்கள் தொடர்பாக 1,800 நிகழ்வுகள் சுட்டப்பட்டன. அப்பாகங்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது.

ஒரு முறை ஒரு வியாபாரி எங்களுக்கு அனுப்பிய ஐ.சி.யின் முதுகில் 1122 என்ற எண் இருந்தது. 2011-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரத்தில் தயாரானது என்பது அதன் பொருள். நிறுவனமோ அந்த ஐ.சி.யின் தயாரிப்பை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நிறுத்தியிருந்தது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தபோது கறுப்புப் பூச்சு பஞ்சில் வந்தது. அதற்கடியில் வேறொரு எண் மங்கலாகத் தெரிந்தது.

மதீனாவின் சந்தையில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததே. மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் உரிமையாளர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற செய்தி இது. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அண்ணலார் தடுக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மறைத்து விற்பதைத்தான் கண்டித்தார்கள். கழற்றி எடுத்த ஐ.சி.யை விற்பதும் அவ்வாறே குற்றமன்று. அதைப் புதியது என்று விற்பதே குற்றம்.

பட்டோடு வாழும் ஊரில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களை நினைவுகூர்வது பொருத்தம். கூஃபா நகரில் அவர்கள் துணி வணிகர். பட்டுத்துணியும் அவர்களது சரக்கில் உண்டு. குறையுள்ள துணியொன்றைக் குறையைச் சொல்லி விற்குமாறு கூட்டாளியிடம் ஒப்படைத்திருந்தார்கள். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியாத நிலையில் அச்சரக்கின் விலை முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

ஆனால் வாங்குபவரே உண்மையை மறைக்கச் சொன்னால் என்ன செய்வது? முகூர்த்த மாதத்திற்கு முன் ஒரு நெசவாளர் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். புடவைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர். தறி நின்றால் கூலியும் நிற்கும். தேடிக் கிடைத்தது கழற்றி எடுத்த ஐ.சி. ஒன்றுதான். அதை அவரிடம் சொன்னோம். அவர் சற்றுத் தயங்கி, "பாய், பில்லுல புதுசுன்னே போட்டுக் குடுங்க. பழசுன்னா முதலாளி காசு தரமாட்டாரு" என்றார். அவர் பேராசைக்காரர் அல்லர். பழுதுச் செலவு தம் தலையில் விழுந்தால் அம்மாதம் வீட்டில் என்ன நடக்கும் என்று அறிந்தவர்.

"அண்ணே, அது மட்டும் முடியாது" என்றோம். பில்லில் 'பயன்படுத்திய பாகம், சோதித்தது' என்றே எழுதினோம். அவர் முகம் வாடியதைக் கண்டபோது எங்களுக்குள் ஒன்று தைத்தது. பொய் எழுத மறுத்த நன்மை எங்களுக்கு. அதன் செலவு அந்த ஏழைக்கு. நம் நாணயத்தின் விலையைப் பிறர் செலுத்துமாறு விட்டுவிடலாமா? நெடுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். எழுதியதன் கீழே, 'ஆறு மாதத்திற்குள் பழுதானால் கட்டணமின்றி மாற்றித் தரப்படும்' என்று சேர்த்துக் கையெழுத்திட்டோம். கூலியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தோம். முதலாளிக்கு வேண்டியிருந்தது புதியது என்ற சொல்லைவிடத் தறி நிற்காது என்ற உறுதி. மறுநாள் அவர் பணத்தைக் கொடுத்தனுப்பினார். அப்படிக் கொடுக்க மறுத்த முதலாளிகளையும் அதற்குப் பின் பார்த்திருக்கிறோம். அப்போதும் பில்லில் சொல் மாறுவதில்லை, உறுதிமொழியும் குறைவதில்லை. பொருளில் குறை கண்டால் திருப்பித் தரும் உரிமையை மார்க்கச் சட்டம் 'கியாருல் ஐப்' என்று வாங்குபவருக்கு வழங்கியுள்ளது. அதை நாமே முன்வந்து எழுதிக் கொடுத்தால் உண்மை சொல்வது இருவருக்கும் எளிதாகிறது.

கண்ணுக்குத் தெரியாத அமானிதம் இன்னொன்றும் போர்டுக்குள் உண்டு. நினைவகத்தில் நெசவாளரின் டிசைன்கள் இருக்கும். பழுது பார்க்கும் முன் அவற்றைப் படியெடுத்து வைக்க வேண்டியுள்ளது, இல்லையேல் அழிந்துபோகும். வேலை முடிந்ததும் அப்படியை அவரிடமே கொடுத்துவிட்டு, எங்களிடம் உள்ளதை அவர் முன்னிலையில் அழித்துவிடுகிறோம். பக்கத்துத் தெருவில் அந்த அன்னப்பட்சி முந்திக்கு விலை கேட்பவர்கள் உண்டு. திருடியது எவருக்கும் தெரியப்போவதில்லை என்பதால்தான் அது அமானிதம்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று கைபேசி பழுது பார்ப்பதிலும் கணினி உதிரிபாக வணிகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுவே: பொருளின் வரலாற்றை வாயால் சொல்லுங்கள், பில்லில் எழுதுங்கள், எழுதியதற்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். வாங்கும் குடும்பங்களும் 'புதியதா, கழற்றியதா' என்று கேட்கத் தயங்க வேண்டாம். உண்மை சொன்னவரிடம் அதற்காகவே விலையை அடித்துப் பேசவும் வேண்டாம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டு என்பது அண்ணலாரின் வாக்கு.

வல்ல அல்லாஹ் நம் கைத்தொழிலை ஹலாலானதாகவும், நம் நாவை உண்மையானதாகவும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.