பாம்பு எதற்காக வீட்டுக்குள் வருகிறது?



போன வாரம் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நெல் மூட்டைக்குப் பின்னால் பாம்புச் சட்டை கிடக்கிறது. "சார், போன மாசம் இதே மூலையிலதான் ஒண்ணை அடிச்சோம். அதோட ஜோடி பழிவாங்க வந்திருக்குமா?" என்று கேட்டிருந்தாள்.

நாகநாதர் குடிகொண்ட நயினார்கோவிலில் வளர்ந்தவர்கள் நாம். பாம்பைக் கும்பிடவும் தெரியும், கம்பெடுத்து அடிக்கவும் தெரியும். அது என்ன தின்கிறது, எப்படித் தேடுகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. வாத்தியாராக இருந்த நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் செய்த ஒரு தவறை இன்று எழுதிவிடுகிறேன்.

1990-களில் ஒரு கார்த்திகை மாதம். காலை முதல் பாடவேளை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இமை சொருகி உட்கார்ந்திருந்தான். "ராத்திரி பூரா டெக்குல படம் பாத்தியாடா?" என்று அதட்டி, பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னேன். அவனால் ஏற முடியவில்லை. திமிர் என்று நினைத்து மறுபடியும் அதட்டினேன். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "சார், இவன் எச்சிலைக்கூட முழுங்க முடியாம இருக்கான்" என்றார். விடியற்காலையிலிருந்து வயிற்றுவலி, ஒருமுறை வாந்தி என்று அவன் தங்கச்சி சொன்னாள். பரமக்குடிக்குக் காரில் கொண்டுபோனோம். அங்கிருந்து மதுரை. செயற்கைச் சுவாசத்தில் பல நாள் இருந்து பிழைத்தான். மறுநாள் அவன் அப்பா நெல் மூட்டைகளைப் புரட்டியபோது உள்ளே கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. பையன் அந்த மூட்டைகளை ஒட்டித்தான் பாய் விரித்துப் படுத்திருந்தான்.

அதற்குப் பிறகுதான் பாம்புகளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நெல்லுக்கு எலி வருகிறது. விளக்கு வெளிச்சத்துப் பூச்சிக்குப் பல்லி வருகிறது. இவற்றைத் தேடிக் கட்டுவிரியன் வருகிறது. அது இரவில்தான் இரை தேடும். மற்ற பாம்புகளைத் தின்பது அதன் முக்கியமான பழக்கம். எலி, பல்லி, தவளையும் தின்னும். சுவரோரமாக ஊர்ந்து வரும் வழியில் தரையில் படுத்திருப்பவர் புரண்டு அதன்மேல் பட்டால் கடித்துவிடும். பல் சிறியது என்பதால் பல நேரம் தடமும் தெரியாது, வலியும் தெரியாது. விஷம் நரம்பைத் தாக்கும். இமை தொங்கும், பிறகு மூச்சு அடங்கும். என் கண் முன்னால் அந்தப் பையனுக்கு நடந்ததும் அதுதான். நான் அதைத் தூக்கம் என்று நினைத்தேன்.

கண்ணாடி விரியன் வேறு மாதிரி. எலி நடமாடும் தடத்தின் ஓரம், சருகோடு சருகாக அசையாமல் காத்திருக்கும். எலி அருகில் வந்ததும் கொத்திவிட்டு உடனே விட்டுவிடும். பிடித்துக்கொண்டே இருந்தால் எலி திருப்பிக் கடித்துவிடும் அல்லவா? பிறகு நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்துப் போய், செத்துக் கிடக்கும் எலியை எடுத்துக்கொள்ளும். வரப்பில் நாம் வருவது தெரிந்தும் அது ஓடாமல் கிடப்பது அந்தக் காத்திருக்கும் குணத்தால்தான்.

நல்லபாம்பு இரையைத் தேடி அலையும். எலி வளைக்குள்ளேயே புகுந்துவிடும். எலி, தேரை, தவளை, சில சமயம் வேறு பாம்பு என எதையும் விடாது. பால் அதன் உணவே அல்ல. சுருட்டை விரியன் ஒரு முழம்தான் இருக்கும். பல்லி, தவளையோடு தேள், பூரானையும் தின்னும். அதனால் கல் குவியலைப் புரட்டும்போது கை ஜாக்கிரதை.

மாமல்லபுரம் போனபோது ஒருமுறை வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்தேன். 1978-ல் தொடங்கியது. இந்த நான்கு பாம்புகளின் விஷத்தையும் எடுத்து மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். பாம்பைப் பிடிக்க முதலில் எலி வளையைத்தான் பார்ப்பார்களாம். நமக்குச் சொல்ல வேண்டிய பாடம் முழுக்க அதற்குள் இருக்கிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமத்து மக்கள்.

எனவே, படம் அனுப்பிய மகளே, ஜோடியும் இல்லை, பழியும் இல்லை. உன் வீட்டு மூலையில் எலி இருக்கிறது. மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளி, பலகை மேல் அடுக்கு. எலி வளையை அடை. விறகை வீட்டை ஒட்டிப் போடாதே. பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வை, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடு. இரவில் டார்ச் இல்லாமல் கால் வைக்காதே. கடித்துவிட்டால் கீற வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், மந்திரிக்க ஓட வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-க்குக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தரையில் படுத்த பிள்ளை காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லி, இமையும் தொங்கினால், காயம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினையுங்கள்.

தம்பி, வளைகுடாவிலிருந்து நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். ஊருக்கு வரும்போதெல்லாம் என் காலைத் தொட்டுக் கும்பிடுகிறாய். அன்று பெஞ்சு மேல் ஏறச் சொன்னதைப் பற்றி நீயும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. என்னை மன்னித்துவிடுப்பா.

அன்புடன்,
உங்கள் சார்
நயினார்கோவில்