ரைட்ஸ் இல்லை

மார்-அ-லாகோ என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்தக் குளியலறைப் படம்தான். கழிப்பறைக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கிய அட்டைப்பெட்டிகள், மேலே ஒரு சரவிளக்கு. 2023 ஜூனில் டொனால்ட் டிரம்ப் மீது தாக்கலான குற்றப்பத்திரிகையில் அந்தப் படம் இருந்தது. அந்தக் கோடையில் நாங்கள் போன ஒவ்வொரு விருந்திலும் யாராவது ஒருவர் கைப்பேசியில் அதைக் காட்டிச் சிரிப்பார். இன்னொருவர் உடனே பைடனின் கராஜை இழுப்பார். மூன்றாமவர் ஹிலரியின் மின்னஞ்சல்களை எடுப்பார். சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை நடக்கும்.

நானும் சேர்ந்து சிரித்தவன்தான். ஜூலை 27ஆம் தேதி, கூடுதல் குற்றச்சாட்டுகளுடன் திருத்திய குற்றப்பத்திரிகை வெளியானது. தொழில் பழக்கத்தில், கணினி சம்பந்தப்பட்ட இடம் ஏதாவது உண்டா என்று தேடிப் படித்தேன். இருந்தது.

அரசுத் தரப்பு சொன்ன கதை இது. 2022 மே மாதம், ரகசிய முத்திரை உள்ள ஆவணங்கள் அனைத்தையும் ஒப்படைக்கச் சொல்லி டிரம்ப்பின் அலுவலகத்துக்கு அழைப்பாணை வந்தது. பெட்டிகள் இருந்த அறையைச் சோதிக்க அவருடைய வழக்கறிஞர் வருவதற்கு முன், உதவியாளர் ஒருவர் அங்கிருந்து சுமார் 64 பெட்டிகளை வெளியே எடுத்துப்போனார். திரும்பி வந்தவை சுமார் 30. அந்த வாசலைக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. ஜூன் 24 அன்று கேமராப் பதிவுகளைக் கேட்டு இன்னோர் அழைப்பாணை வந்தது. மூன்று நாள் கழித்து, அங்கே பராமரிப்பு மேலாளராக இருந்தவர் ஐ.டி. இயக்குநரைத் தேடிப்போய், ஒலிக்கருவிகள் வைக்கும் சிறிய அறைக்கு அழைத்துச் சென்றார். இந்தப் பேச்சு நமக்குள் இருக்கட்டும் என்றார். சர்வரில் எத்தனை நாள் பதிவு இருக்கும் என்று கேட்டார். ஏறக்குறைய 45 நாள் என்றார் இவர். சர்வரை அழித்துவிட வேண்டும் என்று ‘பாஸ்’ விரும்புகிறார் என்றார் அவர்.

ஐ.டி. இயக்குநர் சொன்ன பதிலின் சாரம்: அதை எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியாது, அதற்கான ரைட்ஸ் எனக்கு இருக்கும் என்றும் தோன்றவில்லை.

குற்றப்பத்திரிகையில் அவருக்குப் பெயர் கிடையாது. ‘டிரம்ப் ஊழியர் 4’, அவ்வளவுதான். டிரம்ப்பும் மேலாளரும் உதவியாளரும் எல்லாவற்றையும் மறுத்தார்கள். வழக்கு ஜூரியின் முன் போகவே இல்லை என்பதால் எது உண்மை என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது என்னுடைய பதில். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன்.

2012 அக்டோபர். ஒரு பெரிய நிறுவனத்தின் மின்னஞ்சல் அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த வேலை. அந்த நிறுவனத்துக்கும் அதற்குப் பொருள் வழங்கிய இன்னொரு நிறுவனத்துக்கும் தகராறு முற்றி, வழக்கு வரும் என்ற நிலை. சட்டப்பிரிவு ‘லீகல் ஹோல்ட்’ அறிவித்தது. ஐ.டி.யில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய நிறுவனங்களில் பழைய மின்னஞ்சல்கள் தாமாகவே அழியும்படி ஏற்பாடு இருக்கும். எங்கள் இடத்தில் 90 நாள். ஒவ்வொரு ஞாயிறு இரவும் அதற்கான வேலை ஓடும். 90 நாளைத் தாண்டியவை போய்விடும். அதில் தவறில்லை, வீடு பெருக்குவது மாதிரி. ஆனால் வழக்கு வரும் என்று தெரிந்த கணத்திலிருந்து பெருக்குவதை நிறுத்திவிட வேண்டும். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை அமைப்பில் பூட்டிவிட்டால் துடைப்பம் அவர்கள் பக்கம் போகாது.

வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு 11 பெயர்கள் வந்தன. மாலை ஆறரை மணிக்கு, பட்டியலைப் பூட்டத் தயாராக இருந்தபோது தொலைபேசி அடித்தது. அந்த நிறுவனத்தின் மேலாளர் ஒருவர். நல்ல மனிதர். என் மனைவியின் உடல்நலம்கூட விசாரித்தார். பிறகு, அந்தப் பதினொன்றில் ஒரு பெயரை மட்டும் திங்கட்கிழமை சேர்த்துக்கொள் என்றார். அவருடைய மடிக்கணினியை வார இறுதியில் மாற்றுகிறார்களாம். பூட்டினால் அது சிக்கலாகுமாம்.

எதையும் அழிக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். இரண்டு நாள் தள்ளிப் போடச் சொன்னார். நடுவில் ஒரு ஞாயிறு இரவு இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அல்லது அவருக்கு உண்மையிலேயே மடிக்கணினிதான் கவலையோ என்னவோ. இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட வேண்டுகோள்களின் அழகே அதுதான். கேட்பவர் கேட்கவில்லை என்று பின்னால் சொல்லிவிடலாம்.

நான் அப்போது எச்-1பி விசாவில் இருந்தேன். வேலை போனால் அறுபது நாள் அவகாசம் என்ற விதி 2017இல்தான் வந்தது; எங்கள் காலத்தில் வேலை போன மறுநாளே நாம் இங்கே யார் என்ற கேள்வி வந்துவிடும். கிரீன் கார்டு விண்ணப்பம் முதல் படியில் நின்றது. மனைவிக்கு ஏழாவது மாதம்.

பட்டியல் ஏற்கெனவே ஏறிவிட்டது, அதிலிருந்து பெயரை எடுக்க எனக்கு ரைட்ஸ் இல்லை, சட்டப்பிரிவுதான் எழுதிக் கேட்க வேண்டும் என்றேன். இரண்டு பொய். பட்டியல் ஏறியிருக்கவில்லை. ரைட்ஸ் எனக்கு இருந்தது. அந்தக் கட்டடத்தில் அது இருந்த மூன்று பேரில் நான் ஒருவன். ஒரு நொடி அமைதி. பரவாயில்லை, விடு என்றார். தொலைபேசியை வைத்ததும் 11 பெயர்களையும் பூட்டினேன். விரல்கள் நடுங்கின.

பல வருடம் இதை ஒரு சாமர்த்தியமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையும் பகைக்காமல் சரியானதைச் செய்துவிட்டோம் என்று. மூன்று மாதம் கழித்து என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. எனக்கு வேறு இடம் கிடைத்தது. கதை முடிந்தது என்றிருந்தேன்.

ஊழியர் 4க்குப் பிறகு நடந்ததைப் படித்தபோதுதான் அது முடியவில்லை என்று புரிந்தது. 2023 மார்ச்சில் கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொன்னபோது, கேமராப் பதிவுகள் பற்றி அப்படியொரு பேச்சு நடந்ததை அவர் மறுத்தார், அல்லது நினைவில்லை என்றார். அப்போது அவருக்கு வாதாடிய வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்தது டிரம்ப்பின் அரசியல் நிதி அமைப்பு. ஜூனில் சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித்தின் அலுவலகத்திலிருந்து, பொய்ச் சாட்சிக்காக நீங்கள் விசாரணையில் இருக்கிறீர்கள் என்று கடிதம் வந்தது. நீதிமன்றம் ஏற்பாடு செய்த பொது வழக்கறிஞரிடம் மாறினார். மாறியவுடன் பழைய சாட்சியத்தைத் திரும்பப் பெற்றார். அதற்குப் பிறகுதான் அந்தச் சின்ன அறை குற்றப்பத்திரிகைக்குள் வந்தது.

இதைப் படித்துவிட்டு என்னை நானே கேட்டுக்கொண்டேன். அந்த வழக்கில் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை மாலை யாராவது உங்களிடம் பேசினார்களா என்று கேட்டிருந்தால்? 2012இல் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நினைவில்லை என்றுதான்.

பிறகு மற்ற வழக்குகளையும் இந்தக் கண்ணோடு படித்தேன். எல்லாவற்றிலும் தலைவர்களின் படம் முன்னால் இருக்கிறது. பின்னால், பொத்தானை அழுத்தக்கூடிய இடத்தில், என்னைப் போல் ஒருவர் இருக்கிறார். ஹிலரி கிளின்டனின் சர்வரைப் பராமரித்தது கொலராடோவில் ஒரு சிறிய நிறுவனம். 60 நாளுக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் இனித் தேவையில்லை, அமைப்பை மாற்றிவிடுங்கள் என்று 2014 டிசம்பரில் ஹிலரியின் தரப்பிலிருந்து சொல்லியிருந்தார்கள். அங்கிருந்த ஊழியர் அதை மறந்துவிட்டார். 2015 மார்ச்சில் விஷயம் செய்தித்தாளில் வெடித்து, எதையும் அழிக்கக் கூடாது என்று நாடாளுமன்றக் குழு கடிதமும் அனுப்பிய பிறகு அவருக்கு அது நினைவுக்கு வந்தது. ஐயோ என்று பதறி, ‘பிளீச்பிட்’ போட்டுத் துடைத்துவிட்டார். எஃப்.பி.ஐ.யின் முதல் விசாரணையில் அந்தக் கடிதத்தைப் பார்த்த நினைவில்லை என்றார். அடுத்த விசாரணையில், தெரிந்தேதான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். வழக்கு இல்லை என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு பேசியதால் தப்பித்தார். அந்த அழிப்பு தனக்குத் தெரியாது என்று ஹிலரி சொன்னார். அவர் மீதும் வழக்கு இல்லை.

பைடன் விவகாரத்தில் ராபர்ட் ஹர் 2024 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கையையும் படித்தேன். ஆப்கானிஸ்தான் பற்றிய ரகசியக் காகிதங்கள் கராஜில், கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்றில், மடித்துப்போட்ட நாய்க்கூண்டுக்கும் உடைந்த விளக்குக்கும் பக்கத்தில் கிடந்தன. பைடன் துணை அதிபர் பதவியை விட்ட பிறகு தெரிந்தே ரகசியங்களை வைத்திருந்ததற்குச் சான்று உண்டு என்றார் ஹர். ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க அது போதாது என்றார். நல்ல எண்ணம் கொண்ட, ஞாபகசக்தி குறைந்த முதியவராகவே ஜூரி அவரைப் பார்க்கும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அதே அறிக்கையில் டிரம்ப்போடு உள்ள வேறுபாட்டையும் சொல்கிறார். பைடனின் ஆட்கள் கண்டதும் தெரிவித்தார்கள், வீட்டைச் சோதிக்க அனுமதித்தார்கள். மைக் பென்ஸும் அப்படியே செய்தார். 2023 ஜூனில் அவர் மீதான விசாரணை மூடப்பட்டது.

சட்டம் எதைக் கேட்கிறது என்பது இதில் விளங்குகிறது. காகிதம் உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைவிட, இருக்கிறது என்று தெரிந்த பிறகு, கேட்ட பிறகு என்ன செய்தாய் என்பதுதான் பெரிய கேள்வி. விசாரணையைத் தடுக்க ஆவணத்தை அழித்தால் 20 ஆண்டுவரை சிறை என்ற பிரிவு 2002இல், என்ரான் ஊழலுக்குப் பிறகு, சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தோடு வந்தது. எங்கள் தொழிலில் அந்தச் சட்டத்தின் பெயரைத் தினமும் உச்சரிக்கிறோம். அது என் தோளில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றாக இருந்தாலும் அது எல்லோருக்கும் ஒரே கனத்தில் இறங்குவதில்லை. மறதி ஒரு தலைவரைக் காப்பாற்ற உதவியது. அதே நினைவில்லை என்ற சொல் ஓர் ஊழியருக்குக் கடிதமாக வந்தது. டிரம்ப் மீதான வழக்கை, சிறப்பு வழக்கறிஞரின் நியமனமே செல்லாது என்று 2024 ஜூலை 15 அன்று நீதிபதி எய்லீன் கேனன் தள்ளுபடி செய்தார். நவம்பர் தேர்தலில் டிரம்ப் வென்றதும் அரசு தன் மேல்முறையீட்டில் அவரை விட்டுவிட்டது. ஜனவரியில் மற்ற இருவரையும். அதே 2024 நவம்பரில், இணைய அரட்டைக் குழுவில் ரகசியங்களை வெளியிட்ட விமானப்படை தேசியக் காவல் இளைஞனுக்கு 15 ஆண்டு சிறை. வெளியிடுவதும் வைத்திருப்பதும் ஒரே குற்றமல்ல. அவனுடைய தண்டனை அநியாயம் என்று நான் சொல்லவில்லை. விருந்துகளில் நாங்கள் எந்தக் கட்சித் தலைவர் அதிகக் குற்றவாளி என்று தட்டை வைத்துவிட்டுச் சண்டை போட்டோமே, அவர்களில் யாரும் ஒருநாள்கூட உள்ளே இருக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் ஓர் இரவு மனைவியிடம் சொன்னேன். அந்தத் தொலைபேசி அழைப்பை அவள் முதன்முறையாகக் கேட்கிறாள். “நீங்க சரியாத்தானே செஞ்சீங்க?” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “அந்த ஆள் அடுத்து வேற யாரையாவது கூப்பிட்டிருப்பானே?” என்று கேட்டாள்.

அதுதான். ரைட்ஸ் உள்ள மற்ற இருவரில் ஒருவர் என்னைவிட இளையவர், என்னைப் போலவே விசாவில் இருந்தவர். நான் பூட்டியதைத் திறக்க அவரால் முடியும். திறந்தாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு ரைட்ஸ் இருந்தது.

சென்ற மாதம் கராஜைச் சுத்தம் செய்தபோது அந்தக் காலத்து நோட்டுப்புத்தகம் ஒன்று கிடைத்தது. செய்த வேலையை நேரத்தோடு குறித்துவைப்பது என் பழக்கம். வாடிக்கையாளரின் காகிதம் எதுவும் என்னிடம் இல்லை என்று கடைசி நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன் நான். குழந்தையின் பழைய தொட்டிலுக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் நடுவே அது பதினான்கு வருடம் கிடந்திருக்கிறது. பைடனைப் பார்த்து இனிச் சிரிக்க முடியாது.

அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். ‘ஹோல்ட், 11 பெயர், 6.52, முடிந்தது.’ அழைப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்து விட்டதல்ல, எழுதாமல் விட்டது. பேனாவை எடுத்து அதற்குக் கீழே சேர்க்கப் போனேன். பழைய தேதியின் கீழ் புதிய வரி எழுதுவதற்கு எங்கள் தொழிலில் என்ன பெயர் என்பது நினைவுக்கு வந்ததும் மூடி வைத்துவிட்டேன். நோட்டை அந்த நிறுவனத்தின் சட்டப்பிரிவுக்கு அனுப்பப் போகிறேன். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, இன்றைய தேதி போட்டு, அதோடு வைத்திருக்கிறேன். உறை இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது.