முதற் பிடியை விட்டவன்

சீட்டாட்டம் என்றதும் முகஞ் சுளிக்கும் நேயர்கள் உண்டு. நானும் வெகுகாலம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். என்னைக் கட்சி மாற்றியவர் ராஜபாளையத்தில் வசிக்கும் என் தாய்மாமன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்வாசி. இரண்டு ஊர்களுக்கும் இடையே 12 கிலோமீட்டருக்குமேல் தூரமில்லை. ஞாயிறுதோறும் மாலையில் கையில் பால்கோவாப் பொட்டலத்துடன் பஸ் ஏறுவேன். இரவு திரும்பும்போது, பருவகாலமாயிருந்தால், மாமா ஒரு பை மாம்பழம் கொடுத்தனுப்புவார். பால்கோவாவுக்கும் மாம்பழத்துக்கும் நடுவே நடப்பது பிரிட்ஜ் ஆட்டம்.

மாமா நூற்பாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். காசு வைத்து ஆடுவது அவருக்கு ஆகாது. "காசு வந்தால் கணக்குப் போய்விடும்" என்பார். இன்று உலகெங்கும் ஆடப்படும் காண்ட்ராக்ட் பிரிட்ஜின் கணக்கு முறையை 1925-ல் பனாமாக் கால்வாய் வழியே சென்ற கப்பலொன்றில் வகுத்தவர் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வர். 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் என்னும் நம் நாட்டார் இருவர் இதில் தங்கப் பதக்கம் வென்றனர். பர்தனுக்கு அப்போது வயது 60. இதை நினைவூட்டும்போதெல்லாம் மாமாவின் முகத்தில் இளமை திரும்பிவிடும்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் என் சட்டைப் பையில் ஒரு வக்கீல் நோட்டீஸ் இருந்தது. மதுரையிலிருக்கும் என் தம்பிக்கு மறுநாள் அனுப்புவதற்காக எழுதி வாங்கியது. தகப்பனார் விட்டுச் சென்ற வீட்டின் முகப்பறை யாருக்கு என்பதே வழக்கு. ஜில்லா நீதிமன்றம் எங்கள் ஊரிலேயே இருப்பது எனக்கு எவ்வளவு சௌகரியம் என்றுகூடக் கணக்குப் பண்ணியிருந்தேன்.

மாமா நோட்டீஸை இரண்டு முறை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக ஆட வரும் இருவரும் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். "நாம் இருவரும் ஒரு கணக்குப் பார்ப்போம்" என்று சீட்டுக் கட்டை எடுத்தார்.

ஒப்பந்தம் துருப்பில்லாத ஆட்டம். நான் எடுக்கவேண்டியது 9 பிடி. ஆட்டம் தெரியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை: ஒப்பந்தக்காரன் தன் கையையும், எதிரே மேஜைமீது விரித்து வைத்த கூட்டாளியின் கையையும் தானே ஆடுகிறான். ஒரு பிடி எந்தக் கைக்கு விழுகிறதோ, அந்தக் கையிலிருந்தே அடுத்த சீட்டு இறங்கவேண்டும்.

என் கையில் இஸ்பேட்டில் ஆஸும் ராஜாவும், ஹார்ட்டினிலும் டைமனிலும் ஆஸ் ஒவ்வொன்றும் இருந்தன. கிளாவரில் 3, 2 என்ற இரண்டு ஏழைகளே. எதிர்க்கையிலோ கிளாவரில் ஆஸ், ராஜா, 7, 6, 5, 4 என்று ஆறு சீட்டு; மற்றபடி அந்தக் கையில் உதவாத சிறு சீட்டுகளே. கைமேல் இருப்பது 6 பிடி. இன்னும் 3 வேண்டும். அவை கிளாவரிலிருந்துதான் வந்தாகவேண்டும்.

எதிரிகளின் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு மாமா இஸ்பேட் ராணியை இறக்கினார். அதை ஆஸால் பிடித்தேன். உடனே கிளாவர் ஆஸ், அடுத்து கிளாவர் ராஜா! இரண்டு பிடியும் எனக்கே. மூன்றாவது கிளாவரை எதிரி கொண்டுபோனான். எதிர்க்கையில் மிச்சமிருந்த மூன்று கிளாவரும் வெல்லும் சீட்டுகளே. ஆனால் அங்கே போவதற்கு என்னிடம் ஒரு கிளாவரும் பாக்கியில்லை. கண்ணெதிரே சொத்து கிடக்கிறது. கை நீட்டி எடுக்க வழியில்லை. ஆறோடு நின்றேன்.

"மறுபடி ஆடு" என்றார் மாமா. மறுபடியும் ஆஸ், ராஜா, மறுபடியும் ஆறு.

மூன்றாம் முறை வெகுநேரம் யோசித்தேன். பிறகு என் 2-ஐ இறக்கி, எதிர்க்கையிலிருந்து ஆஸைப் போடாமல் 4-ஐப் போட்டேன். முதற் பிடியை எதிரி எடுத்துக்கொண்டான். அவன் மறுபடி இஸ்பேட் இறக்கினான், ராஜாவால் பிடித்தேன். இப்போது என் 3 மிச்சமிருந்ததல்லவா? அதைக் கொண்டு எதிர்க்கைக்குச் சென்று ஆஸ், ராஜா, 7, 6, 5 என வரிசையாக ஐந்து பிடி எடுத்தேன். இரண்டு சிவப்பு ஆஸ்களும் சேர்ந்து 9 சரியாயிற்று.

"எப்போதும் பலிக்குமா, மாமா?"

"எதிரிகளிடம் உள்ள ஐந்து கிளாவரும் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருக்கவேண்டும். நூற்றுக்கு 68 தடவை அப்படித்தான் பிரியும். மற்றத் தடவைகளில் முதற் பிடியும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. ஆனால் மருமகனே, ஆஸை முதலில் போட்டால் வழி அடைபடுவது நிச்சயம்."

நோட்டீஸைப் பற்றி அப்போதும் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, அந்த மூன்றாம் நம்பர் கிளாவரே நினைவில் நின்றது. தம்பிக்கும் எனக்கும் நடுவே அப்படி என்ன சின்னச் சீட்டு பாக்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். வருஷந்தோறும் அவன் ஆடிப்பூரத் தேருக்கு வருவான். அது ஒன்றுதான்.

நோட்டீஸ் தபாலில் சேரவில்லை. அதற்குப் பதிலாக, முகப்பறை அவனுக்கே என்று நான்கு வரி எழுதினேன். எழுதும்போது கை கூசியது என்பதை ஒளிப்பானேன்? பதில் வரவில்லை. மூன்று வாரம் 68-ஐயும் 32-ஐயும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேரன்று காலையில் தம்பி குடும்பத்துடன் வந்து இறங்கினான். கிணற்றைப் பற்றியும் கொல்லையைப் பற்றியும் இன்னும் பேச வேண்டியிருக்கிறது, ஆனால் பேசுகிறோம். அன்றிரவு முகப்பறையில் அவன் பாய் விரித்தபோது, "அண்ணா, இந்த இடத்தில் காற்று நன்றாக வருகிறது, நீங்களும் இங்கேயே படுங்களேன்" என்றான்.

படுத்துக்கொண்டேன்.