நன்னடத்தை அலுவலகத்தில் ஒரு மாணவி

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவர்கள் களப்பணிக்கு ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ கிடைக்காதா என்றுதான் பார்ப்பார்கள். அவளுக்கு விழுந்தது நன்னடத்தை அலுவலகம். தமிழ்நாட்டில் அது சிறைத்துறையைச் சேர்ந்தது என்று கேட்டதுமே வீட்டில் அம்மா பயந்து போனார்!

போய்ப் பார்த்தால் கம்பியும் இல்லை, லத்தியும் இல்லை. ஃபைல்கள்தான்.

1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவர் குற்றவாளி என்று முடிவானால் (ஆயுள் தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக), தண்டனை பற்றி முடிவெடுக்கும் முன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். வீடு எப்படி, வேலை உண்டா, சேர்க்கை எப்படி... எல்லாம் அதில் வரும்.

செல்போன் திருடிய 19 வயதுப் பையன் வீட்டுக்கு அலுவலரோடு போனாள். அவன் அம்மா டம்ளரைக் கழுவி டீ கொடுத்தார். அப்பா குடிப்பாரா என்றதற்குச் சுவரைப் பார்த்தார். 'குடும்பத்தில் கட்டுப்பாடு இல்லை' என்று நோட்டில் எழுதிவிட்டாள். பாடப்புத்தக வார்த்தை!

பஸ்ஸில் அலுவலர் அதை வாங்கிப் படித்தார். "இந்த ஒரு வரியை நம்பிப் பையனை உள்ளே போட்டா நீங்க பொறுப்பாம்மா? பார்த்ததை எழுதுங்க, கேட்டதை எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினாள். அம்மா காலை 5 மணிக்கே வேலைக்குப் போகிறார். தங்கையைப் பள்ளியில் விடுவது பையன்தான். அவன் வேலை பார்த்த மெக்கானிக் ஷெட் மூடி 2 மாதம். எல்லாம் டீ குடிக்கும்போது அந்த அம்மா சொன்னதுதான். காதில் விழுந்தது, நோட்டில் ஏறவில்லை.

தீர்ப்பு வருவதற்குள் களப்பணி முடிந்துவிட்டது. அறிக்கை ரகசியம். கல்லூரி ரெக்கார்டில் 'வீட்டு விசாரணை - 1' என்று மட்டும் போட்டிருக்கிறாள்.